புயலுக்கு ஆப் பார்ப்பவர்களுக்கு: என் மூன்று நட்சத்திரம்

வீடு பருத்தித்துறைக் கடலுக்குக் கூப்பிடு தூரம். அதனால் கார்த்திகை பிறந்தாலே இந்தக் காற்று வரைபட ஆப்பைத் திறந்தபடிதான் இருப்பேன். ஐரோப்பிய மாடல், அமெரிக்க மாடல் (கணினி போடும் வானிலைக் கணிப்புகள்) இரண்டையும் மாற்றிப் பார்க்கலாம், அதுவும் இலவசமாக, அது பெரிய விசயம்.

ஆனால் கடைசியாக ஒரு தாழமுக்கம் வந்தபோது காலையில் ஒன்று முல்லைத்தீவு என்றது, மற்றது நேரே தமிழ்நாடு என்றது, பின்னேரம் பார்த்தால் இரண்டும் இடம் மாறி நிற்குது. சித்தப்பா வள்ளத்தை மணலில் பாதி ஏற்றிவிட்டு, "என்னடா தம்பி, இழுக்கிறதோ விடுறதோ?" என்று கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறார், நான் போனைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறேன். முழுக்க ஏற்றினோம், சரி, நட்டமில்லை.

குழப்பம் முழுக்க ஆப்பின் பிழை இல்லை. புயலைத் தள்ளும் மேல்காற்று பலவீனமென்றால் எந்த மாடலும் தடுமாறும். என் கோபம் வேறு: ஒற்றைக் கோடாகப் பாதையைக் காட்டுகிறார்கள், எவ்வளவு விலகலாம் என்று காட்டுவதில்லை. கோட்டுக்கு வெளியே இருந்தாலும் தப்ப முடியாது: 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே, எங்களிடமிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல் தள்ளித்தான் கரையேறியது, வெள்ளம் யாழ்ப்பாணத்திலும் நின்றது.

இன்னொன்று, கரண்ட் போய் டவரும் படுத்தால் ஆப் வெறும் நீலத் திரைதான். பற்றரி ரேடியோவை எறிந்துவிடாதீர்கள். கடலுக்குப் போவதா என்பதை மட்டும் வளிமண்டலவியல் திணைக்கள அறிவித்தலைக் கேட்டு முடிவெடுங்கள்.