ஜிப்சிக்கு எந்தக் கமான் கட்டு? நாலு மூட்டை வைத்துப் பார்த்த கணக்கு

வத்தலக்குண்டிலிருந்து சித்தரேவு, பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடிக்கு மாருதி ஜிப்சியில் ஏறியவர்களைக் கேளுங்கள். வண்டியைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டார்கள். இடுப்பைத்தான் பிடித்துக்கொள்வார்கள். என்னுடையது 1999 மாடல் ஜிப்சி கிங். காப்பிப் பழ சீசனில் மூட்டை ஏற்றுவேன், மற்ற மாதங்களில் நானும் ஒரு பையும்தான். 1985-இல் 970 சிசி எஞ்சினோடு வந்த வண்டி, 1996-இல் 1.3 லிட்டர் கிங் ஆனது, பிறகு எஞ்சினிலேயே இன்னும் சில மாற்றங்கள் வந்தன. ஆனால் கடைசி வரை நாலு சக்கரத்துக்கும் கமான் பட்டைதான், அதாவது எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய லீஃப் ஸ்பிரிங். காயில் ஸ்பிரிங் அதற்கு வாய்க்கவே இல்லை.

போன வருடம் வலது பின்பக்கம் இடதைவிட 18 மி.மீ. தாழ்ந்து நின்றது. கமானை மாற்றியே ஆக வேண்டும். யாரைக் கேட்டாலும் ஒவ்வொரு வழி சொன்னார்கள். பழைய பட்டையை வளைத்துக்கொள் என்றார் ஒருவர். கம்பெனி மாதிரியே புதுக் கட்டு போடு என்றார் இன்னொருவர். ‘பாராபோலிக்’ என்ற வேறு வகைக் கமானைப் போட்ட என் மச்சான் அதைத் தவிர வேறு பேச்சே பேசுவதில்லை. இன்னொரு நண்பர் கமானை அச்சுக்கு மேலே ஏற்றி வைத்து வண்டியைக் கோபுரம் மாதிரி நிறுத்தியிருக்கிறார்.

வாய்ப்பேச்சு வேண்டாம், அளந்து பார்த்துவிடலாம் என்று ஒரு சின்ன சோதனை செய்தேன். சமதரையில் வண்டியை நிறுத்தி, பின்சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை உயரம் அளந்தேன். பின் அச்சுக்கு நேர் மேலே 50 கிலோ மூட்டை நாலு வைத்தேன். ஒரு பக்கத்துக்கு 100 கிலோ. மறுபடி அளந்தேன். 40 மி.மீ. இறங்கியிருந்தது. அதாவது ஒரு மி.மீ. இறங்க 2.5 கிலோ. இது ஒன்றும் பயங்கரமான விறைப்பு இல்லை. மூட்டைகளை இறக்கிய பிறகுதான் வேடிக்கை. வண்டி பழைய உயரத்துக்கு வரவில்லை, 12 மி.மீ. கீழேயே நின்றுவிட்டது. பின் பம்பரில் ஏறி நாலு குதி குதித்த பிறகுதான் முக்கி முனகி மேலே வந்தது.

ஜிப்சி உலுக்குவதற்கான காரணம் அந்த 12 மி.மீ.க்குள் இருக்கிறது. பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று உராய்ந்து பிடித்துக்கொள்கின்றன. சின்னக் கல், சின்னப் பள்ளம் எதுவும் அந்தப் பிடியை விடுவிக்கப் போதாது. அதனால் கமான் அசையாமல் இரும்புக்கட்டை மாதிரி நிற்கிறது, அடி நேராக சேஸிக்கும் அங்கிருந்து நமக்கும் வருகிறது. ‘பட்டை கனமா இருக்கு, ஒண்ணைக் கழட்டிடு’ என்று சொல்பவர்கள் நோயை விட்டு வேறெதற்கோ மருந்து கொடுக்கிறார்கள்.

கட்டைப் பிரித்தபோது இது கண்ணாலேயே தெரிந்தது. ஒவ்வொரு பட்டையின் நுனியும் மேலே இருக்கும் பட்டையில் நகம் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டியிருந்தது. இடையில் செம்மண் மாதிரித் துருப்பொடி. நுனி அந்தப் பள்ளத்தில் விழுந்து மாட்டிக்கொள்ள, கமான் எப்படி நெளியும்?

பட்டறை வளைப்பு

முதலில் நானும் மலிவான வழிக்குத்தான் போனேன். இப்படி அளந்து பார்ப்பதற்கு ஒரு வருடம் முன்பு ஒரு பட்டறையில் பழைய பட்டைகளைக் கொடுத்து வளைவு ஏற்றி வாங்கினேன். மாட்டியதும் வண்டி கம்பீரமாக நின்றது. ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பழையபடி உட்கார்ந்துவிட்டது. பட்டையைச் சூடே காட்டாமல் கொல்லன் கல்லில் வைத்துச் சம்மட்டியால் அடித்து வளைத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

முறையாகச் செய்வதென்றால் பட்டையைச் செக்கச்செவேல் என்று காய்ச்சி, வளைவுக்கான அச்சுக்கட்டையில் வைத்து வளைத்து, எண்ணெயில் குளிரவைத்து, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்த வேண்டும். கடைசிப் பதம் தவறினால் ஒன்று சீக்கிரம் தொய்யும், இல்லையென்றால் கண்ணாடி மாதிரி உடையும். திருப்பாச்சேத்தி அருவாளுக்கு லாரிக் கமான் பட்டையைத் தேடிப்போவது அந்த எஃகின் உரத்துக்காகத்தான். ஆனால் அருவாளுக்கு வாய் ஓரம் பதமாக இருந்தால் போதும். கமானுக்கு உடம்பு முழுக்க ஒரே பதம் வேண்டும், அதுவும் ஏழெட்டுப் பட்டைக்கும். உலையும் எண்ணெய்த் தொட்டியும் உள்ள பட்டறை கிடைத்தால் மட்டும் இந்த வழியை யோசியுங்கள். ஒரே ஒரு பட்டை உடைந்தால் அதை மட்டும் செய்து மாற்ற இதைவிட நல்ல வழி கிடையாது.

கூடவே ஒரு பட்டை சேர்த்துவிடலாம் என்பார்கள். அதில் கவனம் தேவை. பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் முப்படியில் ஏறும். 5 மி.மீ. பட்டை இருந்த இடத்தில் 6 மி.மீ. வைத்தால் அந்தப் பட்டை மட்டும் 73 சதவீதம் விறைப்பாகிவிடும். பார்க்க ஒரு மி.மீ.தான். ஏற்கெனவே ஒரு டன் அளவே உள்ள வண்டி, காலியாகப் போகும்போது தவளை மாதிரித் துள்ளும்.

புதுக் கட்டு, பழைய அளவு

இதில் கவர்ச்சி ஒன்றும் இல்லை. உயரம் கூடாது, நாலு பேர் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தொய்ந்த வண்டி தன் பழைய உயரத்துக்கு வரும், அவ்வளவுதான். ஆனால் பல ஜிப்சிக்காரர்கள் ‘லிஃப்ட்’ என்று தேடுவது, இருபது வருடத்தில் இழந்த அந்த உயரத்தைத்தான்.

புதுக் கட்டை வாங்கி அப்படியே மாட்டி அளந்ததில் இறக்கம் 38 மி.மீ., திரும்பாமல் நின்றது 7. புதுசிலேயே 7! மறுபடி கழற்றினேன். பட்டைகளின் நுனிகள் வெட்டிய வாக்கில் சதுரமாக, கூர் முனையோடு இருந்தன. கிரைண்டரில் அந்த முனைகளை மழுக்கி உருட்டி, துருவைத் தேய்த்து, நுனிகளுக்கு அடியில் வழுக்கும் பிளாஸ்டிக் பட்டைத் துண்டுகளை வைத்துக் கட்டினேன். தேய்க்கும்போது நீலம் பாயும் அளவுக்குச் சூடேற விடக்கூடாது, பதம் போய்விடும். கிராஃபைட் கிரீஸ் தடவலாம் என்று சிலர் சொல்வார்கள். நம் தூசியில் அது ஒரு மாதத்தில் அரைக்கும் மாவாகிவிடுகிறது என்பது என் கருத்து. இந்த வேலைக்குப் பிறகு இறக்கம் 39, நின்றது 4. விறைப்பு கிட்டத்தட்ட அதேதான். ஆனால் வண்டியே வேறு.

வாங்கும்போது தராசில் போட்டுப் பாருங்கள். அதே எண்ணிக்கைப் பட்டைகளோடு, பழையதைவிடக் கணிசமாக எடை குறைந்த கட்டு என்றால் தடிமனில் கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மெயின் பட்டையின் கண்ணை (நுனியில் சுருட்டிய வளையத்தை) இரண்டாவது பட்டையும் சேர்த்துச் சுற்றியிருந்தால் இன்னும் நல்லது. காட்டில் மெயின் உடைந்தாலும் அச்சு நகராமல் தாங்கும்.

பாராபோலிக்

மச்சானின் வண்டியில் பின்பக்கம் இரண்டே பட்டை. நடுவில் தடிமனாகவும் நுனிக்குப் போகப்போக மெலிந்தும் இருக்கும். நடுவிலும் நுனியிலும் தவிர ஒன்றையொன்று தொடாது. உராயும் இடம் மிகக் குறைவு. அதே நாலு மூட்டைக்கு 52 மி.மீ. இறங்கியது, நின்றது 2 மட்டும். கணக்குப் பார்த்தால் மி.மீ.க்கு 1.9 கிலோ. பெரும்பாறை வளைவுகளில் அவர் வண்டியில் உட்கார்ந்து டீ குடிக்கலாம் என்று சொன்னால் மிகை, ஆனால் போன் பேசலாம்.

குறை இரண்டு. முதலாவது, பழைய கட்டில் உராய்வே பாதி ஷாக் அப்சார்பர் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அது போனதும் முழுப் பாரமும் ஷாக்கின் தலையில். மச்சான் முதலில் பழைய ஷாக்கோடு ஓட்டினார், வண்டி தொட்டில் மாதிரி ஆடியது. நல்ல ஷாக் வாங்கும் செலவையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். இரண்டாவது குறைதான் என்னைத் தடுத்தது. இரண்டு பட்டையில் ஒன்று உடைந்தால் பாதிக் கமான் போச்சு. அந்த மெலிவு வடிவத்தை வத்தலக்குண்டில் யாரும் அடித்துத் தர முடியாது. பல பட்டைக் கட்டென்றால் ஒன்று உடைந்தாலும் மெதுவாக வீடு வந்து சேரலாம், எந்த லாரிப் பட்டறையிலும் சரிசெய்யலாம்.

இறக்குமதிக் கட்டுகளும் உண்டு. ஆஸ்திரேலியாவின் ஓல்டு மேன் எமு போன்றவை சுசூகி சியராவை மனதில் வைத்துச் செய்தவை. ஜிப்சியும் அதே குடும்பம்தான், ஆனால் நம்முடையது 2,375 மி.மீ. வீல்பேஸ் உள்ள நீள வண்டி. கண்ணிலிருந்து கண்ணுக்கு நீளம், பட்டை அகலம், பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் இருக்கும் இடம், கண்ணுக்குள் உட்காரும் ரப்பர் புஷ் அளவு நான்கையும் அளக்காமல் காசு கட்டாதீர்கள்.

அச்சுக்கு மேலே ஏற்றுவது

ஜிப்சியில் கமான் அச்சுக்குக் கீழே தொங்கும். அதை அச்சுக்கு மேலே மாற்றினால் ஐந்து அங்குலம் போல வண்டி உயரும். பாறையில் அடி தட்டாது, பெரிய டயர் போகும். காட்டுப் போட்டிகளுக்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நண்பரின் வண்டியில் ஒரு முறை சித்தரேவு வரை இறங்கினேன். பிரேக் மிதிக்கும்போதெல்லாம் அச்சு தன்னைத்தானே முறுக்கிக்கொள்ள, பட்டை ‘எஸ்’ எழுத்தாக நெளிகிறது. ஸ்டியரிங் ராடு சரிந்து நிற்பதால் பள்ளத்தில் இறங்கும்போது வண்டி தானாகத் திரும்பப் பார்க்கிறது. அதற்கு ஸ்டியரிங் மாற்று, அச்சு முறுக்கைத் தடுக்க ஒரு கம்பி, நீளமான பிரேக் ஹோஸ், புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணம் என்று வால் நீண்டுகொண்டே போகும். சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 15 வருடம் தாண்டிய நம் வண்டிகள் ஆர்.சி. புதுப்பிக்க ஆய்வுக்குப் போக வேண்டியவை. அங்கே கோபுரத்தை மறைக்க முடியாது.

கமானின் ஒரு நுனியை சேஸியோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாகப் போட்டு உயர்த்துவது பற்றி இரண்டு வரி போதும். ஷேக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஓர் அங்குலம்தான் ஏறும். ஜிப்சியில் முன் ஷேக்கிள் முன்பக்கம் இருப்பதால் அச்சு முன்னால் சரிந்து, திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பாமல் அலையும்.

மாட்டும் வேலை

எதை வாங்கினாலும் மாட்டுவதில் கெடுப்பவர்களே அதிகம். நான் வண்டியைக் கொடுத்த கமான் பட்டறை அண்ணன் ஆரம்பத்திலேயே கேட்டார், “தம்பி, வண்டி உசரமா நிக்கணுமா, மெத்துன்னு ஓடணுமா? ரெண்டையும் ஒரே பட்டையில கேட்டா நான் எங்க போவேன்?” மெத்தென்று ஓடட்டும் அண்ணே என்றேன். அப்படியென்றால் அவசரப்படாதே என்றார்.

ஷேக்கிள் போல்ட்டுகளுக்கு முதல் நாள் இரவே துருப்பிடி விடும் எண்ணெய் அடித்து வைத்தோம். அப்படியும் ஒன்று புஷ்ஷின் இரும்புக் குழாயோடு ஒட்டி, பிளேடு வைத்து அறுக்க வேண்டியதாயிற்று. ஜாக்கியை அச்சில் வைக்காமல், சேஸியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினோம். அச்சு தன் போக்கில் தொங்க வேண்டும், அதற்கு இன்னொரு ஜாக்கி. ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் போவது நல்லது. இரண்டையும் ஒரே நேரத்தில் அவிழ்த்தால் அச்சு தன் இஷ்டத்துக்கு நகர்ந்து, சென்டர் போல்ட்டின் தலையை அதன் குழியில் உட்காரவைக்க மல்லுக்கட்ட வேண்டும்.

பெரும்பாலான மெக்கானிக்குகள் தவறும் இடம் ஒன்று உண்டு. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஷேக்கிள் போல்ட்டை முழுக்க முறுக்கிவிடுவார்கள். ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கியதும் அது முறுக்கியபடியே கிடந்து, ஆறு மாதத்தில் கிழியும். கைப்பிடியாக முறுக்கி, வண்டியை இறக்கி, நாலு குலுக்குக் குலுக்கி, பிறகே இறுக்க வேண்டும்.

கமானை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டுகள் புதியவையாகத்தான் இருக்க வேண்டும். ஒரு தரம் இறுக்கி நீண்ட மரை மறுபடி அதே பிடி கொடுக்காது. 100 கி.மீ. ஓடியதும் ஒரு முறை, 500-இல் ஒரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும். என்னுடையதில் 100-இல் எட்டு நட்டிலும் கால் சுற்று வாங்கியது. 500-இல் அசையவில்லை. பிரேக் ஹோஸ் அச்சு முழுக்கத் தொங்கும்போது விறைக்கிறதா, ஷாக் அதற்கு முன்பே முழுக்க நீண்டு முட்டுகிறதா என்பதையும் அந்த நிலையிலேயே பார்த்துவிடலாம். ஹெட்லைட்டை மறக்காதீர்கள். பின்பக்கம் ஏறியதில் என் விளக்கு பத்தடி தூரத்துத் தார்ச்சாலையை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது.

சரி, யாருக்கு எது? மூட்டை ஏற்றுபவர்கள், மலையில் தனியாக ஓட்டுபவர்கள் புதுக் கட்டை வாங்கி நுனி தேய்த்துப் போடுங்கள். எப்போதும் இரண்டு பேர், சின்னப் பை என்றால் மச்சான் சொல்வதைக் கேளுங்கள், ஷாக் உட்பட. ஒரு பட்டை மட்டும் போனவர்கள் உலை உள்ள பட்டறைக்கு. அச்சுக்கு மேலே ஏற்றுவதெல்லாம் சாலைக்கு வராத இரண்டாவது வண்டிக்கு.

நேற்றும் அளந்தேன். ஆளில்லாமல் நிற்கும்போது நாலு மூலையும் ஒரே உயரம். நான் ஏறி உட்கார்ந்ததும் வலது பக்கம் 9 மி.மீ. இறங்குகிறது. “கமான்ல குறை இல்ல தம்பி” என்று மட்டும் சொன்னார் அண்ணன்.