எம்ஜிபி ரோட்ஸ்டர்: "சில் புதுசு" என்ற பில்லை நம்பி ஏமாறாதீர்கள்

இங்கிலாந்தில் பழைய எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) வாங்கப் போகிறவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சில் என்பது கதவுக்குக் கீழே இரு பக்கமும் நீளவாக்கில் ஓடும் இரும்புத் தகட்டுப் பெட்டி.

1972 மாடல் ரோட்ஸ்டர். "முழு ரெஸ்டோரேஷன், இரண்டு சில்லும் புதுசு" என்று விளம்பரம் போட்டு, பில்லையும் காட்டி ஒரு டீலர் விற்ற வண்டி. நாலே மாதத்தில் டிரைவர் பக்கக் கதவு சரியாகச் சாத்தவில்லை. கீலை மாற்றியும் பயனில்லை. லிஃப்டில் ஏற்றி, சில்லின் அடியில் கறுப்பாக அப்பியிருந்த பூச்சை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால், நுனி பொசுக்கென்று உள்ளே போய்விட்டது. ஒரு விரல் கனத்துக்குப் பட்டி, அதைத் தாங்க அலுமினிய வலை, அதற்கும் உள்ளே அப்பளமாய் நொறுங்கும் பழைய சில். பில்லில் இருந்த 'புதுசு', பழசின் மேல் போர்த்திய மெல்லிய தகடுதான்.

இதை வெறும் டிங்கரிங் குறை என்று விட முடியாது. 1962 முதல் 1980 வரை வந்த எந்த எம்ஜிபிக்கும் தனி சேஸிஸ் கிடையாது. கூரை இல்லாத ரோட்ஸ்டரில், வண்டி நடுவில் தொய்யாமல் பிடித்து நிறுத்துவதில் பெரும்பங்கு கதவுக்குக் கீழே ஓடும் இந்தச் சில்லுக்குத்தான். வெளித் தகடு, நடுத் தகடு, உள் தகடு, அடியில் காசில் ரெயில் என்ற தகடு எல்லாம் சேர்ந்து ஒரு பெட்டி. முன் சக்கரம் வாரியடிக்கும் சேறு, மட்கார்டுக்குள் இருக்கும் தடுப்புத் தகட்டின் ரப்பர் இற்றுப்போனதும் உள்ளே புகுந்து சில்லின் முன்முனையில் தங்கிவிடும். அங்கிருந்துதான் துரு ஆரம்பம். உள்ளிருந்து அரித்துக்கொண்டு வருவதால், வெளியே பெயின்ட் கொப்பளிக்கும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

ஒழுங்காக மாற்றுவதென்றால் முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும், பின் மட்கார்டின் அடிப்பகுதியை வெட்ட வேண்டும். ஏனென்றால் வெளி சில் இரண்டுக்கும் பின்னால் நீண்டு போகிறது. வண்டியை மட்டமாக நிறுத்தி, கதவு இடைவெளிக்குக் குறுக்கே முட்டுக் கொடுத்து, கதவை மாட்டி மாட்டி இடைவெளி பார்த்துக்கொண்டேதான் வெல்டிங் வைக்க வேண்டும். முட்டு இல்லாமல் வெட்டினால் வண்டி தொய்ந்த நிலையிலேயே புதுச் சில்லும் ஒட்டிக்கொள்ளும். பிறகு எந்தக் கொம்பனாலும் கதவைச் சரிசெய்ய முடியாது. இவ்வளவு வேலையையும் மிச்சம் பிடிக்கத்தான் மேல்தகடு போர்த்துகிறார்கள்.

பானெட்டைத் திறந்தால் இரு ஓரத்திலும் மட்கார்டு போல்ட்டுகள் வரிசையாகத் தெரியும். மேற்சொன்ன வண்டியில் அந்தத் தலைகளின் மேல் பழைய பெயின்ட் விரிசல்கூட விடாமல் இருந்தது. மட்கார்டு கழறவே இல்லை, அப்புறம் சில் எப்படி மாறும்? வாங்கும் முன்பே இதைப் பார்த்திருக்கலாம், ஸ்பானர்கூட வேண்டாம்.

அடுத்து, கதவின் பின்பக்க இடைவெளியை மேலும் கீழும் அளந்து வைத்துக்கொண்டு, சில்லின் ஜாக்கிப் புள்ளியில் தூக்குங்கள். இடைவெளி மாறினாலோ கதவு உரசினாலோ பேச்சே வேண்டாம், கிளம்பிவிடுங்கள். தூக்க விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அதுவே பதில். சில்லின் அடியில் தகடுகள் சேரும் விளிம்பும் ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளும் தெரிய வேண்டும். அந்த இடத்தில் மட்டும் தார் மாதிரி பூச்சு மொத்தமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை முன் மட்கார்டின் கீழ்ப்பகுதியிலும் பின் சக்கர வளைவிலும் ஓட்டிப் பாருங்கள். பட்டியில் காந்தம் ஒட்டாது.

"எம்ஓடி (வருடாந்தர வண்டிச் சோதனை) தேவையில்லை" என்பதைச் சலுகை மாதிரி விளம்பரப்படுத்துவார்கள். பெரிய மாற்றம் செய்யாத, 40 வயது தாண்டிய வண்டிக்கு 2018 மே முதல் சோதனை கட்டாயமில்லை என்பது உண்மைதான். அதனாலேயே பல வண்டிகளின் அடிப்பக்கத்தை வருஷக்கணக்கில் யாரும் பார்த்ததில்லை. பழைய சோதனை முடிவுகள் அரசு இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் இலவசமாகவே கிடைக்கும். சில் துரு பற்றி முன்பு எழுதியிருந்து, அதன்பின் சோதனையே நடக்கவில்லை என்றால் கதை புரிந்துவிடும்.

மின்சார வேலையிலும் சில பட்டறைக்காரர்கள் ஏமாற்றுவார்கள். ஹெட்லைட் மங்கினால் உடனே புது ஆல்டர்னேட்டர் என்பார்கள். பெரும்பாலும் வயர்களை இணைக்கும் புல்லட் கனெக்டரில் பச்சைக் களிம்பு, இல்லையேல் எர்த் கோளாறு. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் எர்த் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே மல்டிமீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் எர்த் பட்டையைக் கவனியுங்கள். ஃப்யூஸையும் கழற்றிப் பாருங்கள். பழைய லூகாஸ் கம்பெனி ஃப்யூஸில் 35 ஆம்ப் என்பது எரியும் அளவு, தொடர்ந்து தாங்குவது 17 தான். தொடர்ந்து 35 தாங்கும் இக்கால ஃப்யூஸை அங்கே செருகினால் ஃப்யூஸுக்கு முன் வயர் எரியும்.

முன்பக்க லீவர் டேம்பரை (ஷாக் அப்சார்பர்) 'ரீகண்டிஷன்' என்று கொடுத்தால், மாட்டும் முன் வைஸில் நிமிர்த்திப் பிடித்து, டேம்பரின் லீவர் கையை முழு வீச்சுக்கு ஆட்டுங்கள். எங்காவது லூசாக நழுவினாலோ ஷாஃப்ட் ஓரம் எண்ணெய் கசிந்தாலோ, அது பெயின்ட் அடித்த பழசு. மாற்றாகக் கேட்கும் உங்கள் பழையதைக் கொடுத்துவிடாமல் அதையே திருப்பிக் கொடுங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: டீலரிடம் வாங்கியிருந்தால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, விவரித்தபடி இல்லாத வண்டியை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கலாம். அந்தக் கெடு தாண்டினாலும் பழுது நீக்கித் தரவோ விலையைக் குறைக்கவோ கேட்க வழி உண்டு. தனிநபரிடம் வாங்கியிருந்தால் பிடி குறைவு. அவர் விவரித்தபடி வண்டி இல்லை என்று நிரூபிக்க வேண்டும். ஆகவே விளம்பரத்தை முதல் நாளே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், விற்றதும் அழித்துவிடுவார்கள். சில்லை வெட்டும் முன் பட்டியும் வலையும் தெரிய, பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். வெட்டிய துண்டுகளையும் தூக்கிப் போடாதீர்கள்.