இருபது மணிச் சட்டம்: பாலர் பள்ளிக்கு வாங்கலாமா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் 18 வெள்ளிக்குக் (ரிங்கிட்) கிடைக்கும், கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுக்க உதவும் மரச் சட்டம் இது. இரண்டு கம்பிகள்; ஒவ்வொன்றிலும் ஐந்து சிவப்பு, ஐந்து வெள்ளை மணிகள். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு நூறு மணிச் சட்டத்தைவிட இதுவே மேல்.

காரணம் அந்த நிற மாற்றம்தான். ஏழு மணிகளை ஒரே தள்ளாக நகர்த்திக் காட்டினால், ஒன்றொன்றாக எண்ணாமலே "அஞ்சும் ரெண்டும்" என்று பிள்ளை பிடித்துவிடும். 8 + 5 கணக்குக்கு மேலே எட்டு, கீழே ஐந்து. கீழே இரண்டைத் திருப்பி அனுப்பிவிட்டு மேலே இரண்டைச் சேர்த்தால் பத்தும் மூன்றும். இப்போது தமிழில் சொல்லச் சொல்லுங்கள்: பதின்மூன்று. மலாயின் 'தீகா பெலாஸ்', ஆங்கிலத்தின் 'தர்ட்டீன்' இரண்டிலும் மூன்றுதான் முந்தி வரும். தமிழில் பத்து முன்னே நிற்கிறது, சட்டத்தில் தெரிகிற மாதிரியே. எவ்வளவு அழகான வசதி!

கழித்தலில்தான் பிள்ளைகள் தடுமாறுவார்கள். 9 − 3 செய்யும்போது, தள்ளிய மூன்றும் ஓரத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு மணியோடு ஒட்டிக்கொள்ளும். "நாலு போச்சு" என்பார்கள். முதலிலேயே அந்த ஒற்றை மணியை அட்டைத் துண்டால் மறைத்துவிடுங்கள். ஆசிரியர் எதிரே உட்காரக் கூடாது, இடம் வலம் மாறிவிடும், பக்கத்தில் உட்காருங்கள்.

கம்பி வழவழப்பானது, சட்டத்தைத் தூக்கினாலே மணிகள் ஓடிவிடும். மேசையில் படுக்க வைத்தே பயன்படுத்துங்கள். ஒரு வரிசை முழுக்கச் சிவப்பு, மறுவரிசை முழுக்க நீலம் என்று வரும் சட்டத்தை வாங்காதீர்கள்; அதில் ஐந்து தெரியாது.