சோற்றைக் குறைப்பதா, கொழுப்பைக் குறைப்பதா: ஆராய்ச்சிக்குக் காசு கொடுத்தது யார்?

திருகோணமலையில் சீனி வருத்தம் உள்ள வீடுகளில் இப்போது இரண்டு கட்சி. சோறு, பிட்டு, பாணை நிறுத்து, மீனும் முட்டையும் போதும் என்பது ஒன்று. தேங்காய்ப்பாலையும் எண்ணெயையும் குறை என்பது மற்றது. இரண்டும் வட்ஸ்அப்பில் ஆராய்ச்சி காட்டும். எதிர்க்கட்சியின் ஆராய்ச்சி காசுக்குச் செய்தது என்றும் சொல்லும். அந்தக் குற்றச்சாட்டில் இரண்டு பக்கமும் உண்மை உண்டு.

கொழுப்பைப் பழித்த பக்கத்தின் கறை பழையது. 1965இல் அமெரிக்கச் சீனித் தொழிலின் ஆராய்ச்சி அமைப்பு ஹார்வர்ட் ஆய்வாளர்களுக்கு 6,500 டொலர் கொடுத்தது. 1967இல் வெளிவந்த கட்டுரை இதயநோய்ப் பழியைக் கொழுப்பின் மேல் போட்டுச் சீனியைத் தப்பவிட்டது. அதற்குச் சீனித் தொழில் காசு கொடுத்தது என்று அதில் ஒரு வரி கிடையாது. விஷயம் வெளியே வந்தது 2016இல்.

சோற்றிலும் பாணிலும் உள்ள மாச்சத்தைக் குறைக்கும் பக்கத்தின் காசு ஒளிந்திருக்கவில்லை. 2008இல் வெளிவந்த இஸ்ரேல் ஆய்வுக்கு, மாச்சத்தைக் குறைக்கும் உணவுமுறையைப் பரப்பிய அமெரிக்க மருத்துவர் அட்கின்ஸின் பெயரிலான அறக்கட்டளையும் பணம் கொடுத்தது. 322 பேர், இரண்டு ஆண்டுகள். மாச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 4.7 கிலோவும், கொழுப்பைக் குறைத்தவர்கள் 2.9 கிலோவும் இறங்கினார்கள். அட்கின்ஸ் வென்றார் என்று கொண்டாடினார்கள். சற்று உள்ளே போய்ப் பாருங்கள். மாச்சத்தைக் குறைத்தவர்களுக்குத் தொடக்கத்தில் நாளுக்கு 20 கிராம் மாச்சத்துதான். பாணில் இரண்டு துண்டு சாப்பிட்டாலே அது தாண்டிவிடும். ஆனால் கடைசியில் அவர்களுடைய சக்தியில் சுமார் 40 சதவீதம் மாச்சத்திலிருந்தே வந்தது. கொழுப்பையும் புரதத்தையும் தாவர உணவிலிருந்து எடுக்கும்படி சொல்லியும் இருந்தார்கள். எதிரணிக்கோ 30 சதவீதம் வரை கொழுப்புக்கு அனுமதி. அதைக் கொழுப்புக் குறைந்த உணவு என்பதா? காசு கணக்கைத் திருத்தவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், யாரை யாரோடு மோதவிடுவது என்ற முடிவிலேயே பாதி ஆட்டம் போய்விடுகிறது.

எனக்கு அதிகம் நம்பிக்கை தருவது, காசு கொடுத்தவரின் ஆசைக்கு எதிராக விடை வந்த ஆய்வு. மாச்சத்தே உடல் பருமனுக்குக் காரணம் என்று வாதாடிய அமெரிக்க எழுத்தாளர் கேரி டோப்ஸ், மருத்துவர் பீட்டர் அட்டியாவுடன் தொடங்கிய அமைப்பு, 2016இல் வெளிவந்த ஆய்வாளர் கெவின் ஹோலின் ஆய்வுக்குப் பணம் போட்டது. 17 ஆண்களை உள்ளேயே தங்கவைத்துச் சாப்பாட்டை அளந்து கொடுத்தார்கள். மாச்சத்தை மிகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவுக்கு மாறியதும் கொழுப்பு வேகமாகக் கரையவில்லை. சிறிய ஆய்வு, எல்லோருக்கும் ஒரே வரிசையில் உணவு மாற்றினார்கள் என்ற குறை நியாயமானதுதான். அப்புறம் அதே அமைப்பும் அமெரிக்க அரசும் பணம் கொடுத்து 2018இல் வெளிவந்த ஸ்டான்போர்ட் ஆய்வு: 609 பேர், ஓராண்டு, மாச்சத்தைக் குறைத்தவர்கள் 6.0 கிலோவும் கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் இறங்கினார்கள். சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

அந்த ஆய்வில் இரண்டு அணிக்கும் ஒரே கட்டளை: வெள்ளை மாவையும் சீனியையும் ஒதுக்கு, மரக்கறி நிறையச் சாப்பிடு. சீனன்குடா மாவாலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்களூரில் பாணைக் குறை சொன்னால் எடுபடாது, ஆனாலும் முதலில் வெட்ட வேண்டியது அதைத்தான். மற்றபடி கீரிமீன் குழம்போடு சோற்றைக் குறைப்பதா, சொதியில் பாலைக் குறைப்பதா என்பது அவரவர் எதை விடாமல் செய்வார் என்பதைப் பொறுத்தது. இன்சுலின் போடுபவர்களும், கிளிக்ளசைட் போன்ற சீனியை இறக்கும் குளிசை எடுப்பவர்களும் சோற்றைக் குறைக்குமுன் கிளினிக்கில் சொல்லி மருந்தின் அளவைச் சரிபார்க்க வேண்டும். இல்லாவிட்டால் சீனி சட்டென்று இறங்கிவிடும்.