"போர்ட் பண்ணித் தர்றேன்" என்று யாராவது சொன்னால் முதலில் தேதியைப் பாருங்கள்

ஈரோட்டில் இருக்கும் என் அப்பா அம்மாவுக்கு நடந்தது இது. வயதானவர்களுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் கட்டுகிற எல்லாரும் தயவுசெய்து முழுசாகப் படித்துவிடுங்கள்.

அப்பா மில்லில் வேலையில் இருக்கும்போதே, 2012-ல் இருவருக்கும் சேர்த்து ஒரு பாலிசி எடுத்தார். ஒரு வருடம்கூட விடாமல் கட்டினோம். 2015-ல்தான் அப்பாவுக்கு பிரஷர் வந்தது, அதாவது பாலிசி எடுத்து மூன்று வருடம் கழித்து. 2023 ஜூனில் ரினிவல் நோட்டீஸ் வந்தபோது 41,000 இருந்த பிரீமியம் 58,600 ஆகியிருந்தது, அப்போது 18 சதவீத ஜிஎஸ்டி வேறு அதில் அடக்கம். அப்பாவுக்கு வருகிற பென்ஷன் மாதம் மூவாயிரத்துச் சொச்சம். அதுவரை ஒரு கிளைம்கூடப் போட்டதில்லை, வயது கூடியதுதான் காரணம் என்றார்கள்.

அந்த நேரத்தில்தான் அப்பாவோடு வாக்கிங் போகிறவரின் மகன், ஏஜென்ட், வீட்டுக்கு வந்தான். "அக்கா, வேற கம்பெனிக்கு போர்ட் பண்ணிடலாம், 33,000-தான் வரும், பழைய வருஷமெல்லாம் அப்படியே கூட வந்துடும்" என்றான். பழைய வருடங்களின் பலன் போகாமல் பாலிசியை வேறு கம்பெனிக்கு மாற்றுவதுதான் போர்ட். ரினிவலுக்கு நான்கு நாள்தான் பாக்கி. போர்ட் செய்வதென்றால் ரினிவல் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்னால் விண்ணப்பிக்க வேண்டும் என்பது அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அங்கேயே அவனை நிறுத்தியிருப்பேன்.

அப்பா திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ஓடிபியை ஒவ்வொரு எண்ணாகப் படித்துக் காட்டினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். புரோபோசல் ஃபார்மில், அதாவது பாலிசிக்கான விண்ணப்பத்தில், அப்பா கையெழுத்துப் போட்டதற்குச் சமம் அந்த ஓடிபி. அதில் என்ன நிரப்பியிருந்தான் என்று எங்களுக்குக் காட்டவே இல்லை. கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னான்: "கம்பெனியிலிருந்து போன் வரும் ஐயா, பிரஷர், சுகர் இருக்கான்னு கேப்பாங்க, இல்லைன்னு சொல்லிடுங்க, அதெல்லாம் பழைய ரெக்கார்டுலயே இருக்கு, தானா வந்துடும்." அப்பா அப்படியே சொன்னார்.

2024 நவம்பரில் ஒரு ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு வலி. கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்து ஸ்டென்ட் வைத்தார்கள். இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்த பெண் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். பாலிசி தொடங்கிய தேதி ஜூன் 2023. ஏற்கெனவே உள்ள நோய்கள்: இல்லை. ஆனால் டாக்டரின் கேஸ் ஷீட்டிலோ, ஒன்பது வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார் என்று இருந்தது. கேஷ்லெஸ் (கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டுவது) கிடைக்கவில்லை, பிறகு போட்ட கிளைமும் தள்ளுபடி, நோயை மறைத்துவிட்டதாகச் சொல்லி அப்பாவைப் பாலிசியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். பில் 3,14,000. அம்மா பெயரில் இருந்த எஃப்டியை உடைத்துக் கட்டினோம்.

அவன் போர்ட் செய்யவே இல்லை. புதுப் பாலிசியாகப் போட்டுவிட்டு, பழையதை அப்படியே காலாவதியாக விட்டுவிட்டான். இதில் நாங்கள் இழந்தது 11 வருடம். அப்போதைய விதிப்படி தொடர்ந்து எட்டு வருடம் கட்டிய பாலிசியில், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, எதையும் மறைத்ததாகச் சொல்லிக் கிளைமை மறுக்க முடியாது (2024-ல் அதையும் ஐந்து வருடமாகக் குறைத்துவிட்டார்கள்). நாங்கள் அந்த எட்டைத் தாண்டி மூன்று வருடம் ஆகியிருந்தது. விலை கூடினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு அதையே கட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு மாதம் முன்னாலேயே ஒழுங்காக போர்ட் செய்திருக்க வேண்டும்.

கம்பெனியில் புகார் கொடுத்து அங்கே நியாயம் கிடைக்காததால், இன்சூரன்ஸ் கம்பெனிகள் மேலான புகார்களை விசாரிக்கிற, சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போனோம். பணம் கட்ட வேண்டாம், வக்கீலும் வேண்டாம், கம்பெனி மறுத்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். விசாரணையில் அந்த போன் ரெக்கார்டிங்கைப் போட்டார்கள். "பிரஷர் இருக்குங்களா?" "இல்லைங்க." அப்பாவின் குரலேதான். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எங்களுக்குச் சாதகமாக வரவில்லை.

இப்போது மூத்த குடிமக்களுக்கு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியம் ஏற்ற வேண்டுமானால் கம்பெனிகள் இன்சூரன்ஸ் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யைக் கலந்து பேச வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டியும் இல்லை. எங்களுக்கு இரண்டுமே தாமதமாக வந்தன. ஆனால் "ரேட் ஏறிடுச்சு, மாத்திடலாம்" என்று உங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால் இதைச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே மாற்றியவர்கள் இன்றைக்கே பாலிசியின் முதல் பக்கங்களை எடுத்து, முதன்முதலில் பாலிசி தொடங்கிய தேதி என்ற வரியைப் பாருங்கள். அங்கே பழைய வருடம் இல்லாமல் மாற்றிய வருடம் இருந்தால் அது போர்ட் இல்லை. அதோடு இருக்கும் புரோபோசல் ஃபார்ம் நகலில் அப்பா அம்மாவின் மாத்திரைகள் எல்லாம் எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படிப் புதுப் பாலிசியாக இருந்து, அது கைக்கு வந்து 30 நாளுக்குள் என்றால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடலாம். திருப்பிக் கொடுக்க அன்று எங்களுக்கு இருந்த நாளெல்லாம் எங்கள் பாலிசி என் மெயிலில் பிரிக்காமலே கிடந்தது.