பெயர் ஒன்று, இனிஷியல் வேறு: சான் பிரான்சிஸ்கோ வாக்குச்சீட்டில் மோதிய இரண்டு வீட்டு அனுமதித் திட்டங்கள்

2022 நவம்பர் 8 அன்று சான் பிரான்சிஸ்கோ வாக்காளர்கள் பிரித்த வாக்குச்சீட்டில் அடுத்தடுத்து இரண்டு கேள்விகள் இருந்தன. ஒன்று முன்மொழிவு 'டி', மற்றொன்று முன்மொழிவு 'இ'. இரண்டுக்கும் தலைப்பு ஒன்றுதான்: கட்டுப்படியாகும் வீடுகள். 'டி'யின் தலைப்புக்குப் பின்னால் 'மக்கள் மனு' என்று போட்டிருந்தது. 'இ'யின் பின்னால் 'மேற்பார்வையாளர் அவை' என்று; நகரத்துக்குச் சட்டம் இயற்றும் மன்றம் அது. பெயர் ஒன்று, இனிஷியல் மட்டும் வேறு. இரண்டுமே நகரத்தின் சாசனத்தை, அதாவது அதன் அடிப்படைச் சட்டத்தை, திருத்தக் கேட்டன. இரண்டுமே குறைந்த வாடகை வீடுகளுக்குச் சீக்கிரம் அனுமதி வாங்கித் தருவதாகச் சொல்லின. அவசரத்தில் படிப்பவருக்கு, அச்சகத்தில் ஒரே பக்கத்தை இருமுறை சேர்த்துத் தைத்துவிட்டார்களோ என்றுதான் தோன்றும்.

நான் அந்த நகரத்து வாக்காளன் அல்லன். ஆனால் எந்த ஊர் அனுமதிச் சட்டத்தைப் பார்த்தாலும், கோப்பு யார் மேசையில் எத்தனை நாள் தங்கும் என்று தேடிப் பார்ப்பது என் பழக்கம். அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்த இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் அல்ல, எதிரெதிர் வீட்டுப் பிள்ளைகள். எனக்கு ஓட்டு இருந்திருந்தால் முணுமுணுத்துக்கொண்டே 'டி'க்குப் போட்டிருப்பேன். அந்த முணுமுணுப்புக்கும் காரணம் உண்டு.

முதலில் நோய் என்ன என்று பார்த்துவிடலாம். அமெரிக்காவின் பல ஊர்களில் கட்டட வரைபடம் விதிகளுக்கு உட்பட்டிருந்தால் அதிகாரி அனுமதி கொடுத்தே ஆக வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் அப்போது அப்படி இல்லை. அங்கே அனுமதி என்பது நகரத்தின் விருப்புரிமையாக இருந்தது: கொடுக்கலாம், மறுக்கலாம். விதிப்படி எல்லாம் சரியாக இருந்தாலும், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் மனுக் கொடுத்து மறுபரிசீலனை கேட்க முடிந்தது. அதைத் தாண்டி வந்தால் கலிபோர்னியாவின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் காத்திருந்தது. 1970-ல் வந்த அந்தச் சட்டத்தின்படி, சுற்றுச்சூழல் அறிக்கை போதாது என்று யாராவது மேல்முறையீடு செய்தால் விவகாரம் 11 பேர் கொண்ட மேற்பார்வையாளர் அவைக்குப் போகும்.

இதன் விலையை 2023 அக்டோபரில் மாநில அரசின் ஆய்வு ஒன்று நாள் கணக்கில் சொன்னது. திட்ட அனுமதிக்குச் சராசரியாக 523 நாள். அதற்குப் பிறகு கட்டட அனுமதிகளுக்கு 605 நாள். கூட்டினால் மூன்று வருடத்துக்கும் மேல். கலிபோர்னியாவிலேயே இதற்கு அடுத்த மந்தமான ஊர்களில் இவை 385, 418 நாள்தான். ஒரு செங்கல்கூட வைக்காமல் மூன்று வருடம் மனைக்குக் கட்டும் வட்டி, பிற்பாடு வாடகையில்தானே வந்து உட்காரும்?

ஒரு நிகழ்வைக் கிட்டத்தில் பார்த்தால் இன்னும் விளங்கும். நகரின் நடுமையத்தில் ஸ்டீவன்சன் தெருவில் ஒரு கார் நிறுத்துமிடம். பக்கத்துப் பெரிய அங்காடிக்கு அப்போது வந்தவர்களின் கார்களை ஊழியர்கள் வாங்கிக்கொண்டு போய் விட்ட இடம். அங்கே 27 மாடியில் 495 வீடுகள் கட்டத் திட்டக்குழு ஒப்புதல் கொடுத்தது. மேல்முறையீடு வந்தது. 2021 அக்டோபரில் மேற்பார்வையாளர் அவை 8-க்கு 3 என்ற வாக்கில் சுற்றுச்சூழல் அறிக்கையைத் திருப்பி அனுப்பியது. யாரையும் வெளியேற்றத் தேவையில்லாத, ஒரு குடிசையைக்கூட இடிக்கத் தேவையில்லாத வெற்றிடம் அது. அவையினர் தரப்பிலும் வாதம் இருந்தது: நிலநடுக்க ஆபத்து போதுமான அளவு ஆராயப்படவில்லை, சுற்றிலும் வாழும் ஏழைக் குடும்பங்களுக்கு வாடகை ஏறும் என்றார்கள். ஆனாலும் 495 வீடு ஒரு வாக்கெடுப்பில் நின்றுபோனது என்ற செய்தி மாநிலத் தலைநகரம் வரை போய்ச் சேர்ந்தது. மறுவருடம் 'டி' வாக்குச்சீட்டுக்கு வந்தபோது ஊரார் மனத்தில் அந்தக் கார் நிறுத்துமிடம் இருந்தது.

'டி' அப்போதைய மேயர் லண்டன் பிரீட் தரப்பின் திட்டம். மாநில செனட்டர் ஸ்காட் வீனரும் தச்சர் சங்கமும் உடன் நின்றார்கள். மேற்பார்வையாளர் அவை வழியாகப் போனால் இது நடக்காது என்று தெரிந்து, கையொப்பம் திரட்டி நேராக மக்களிடம் கொண்டுபோனார்கள். சாசனத் திருத்தத்துக்குப் பதிவான வாக்காளர்களில் 10 சதவீதத்தினர் கையொப்பமிட வேண்டும். சிறு வேலை அல்ல. அது சூடு பிடித்தபோது, மேற்பார்வையாளர் கானி சான் முன்னின்று எழுதிய 'இ'யை அவை 7-க்கு 4 என்று வாக்களித்துச் சீட்டில் ஏற்றியது. இரண்டும் வென்றால் அதிக வாக்கு வாங்கியது மட்டுமே சட்டமாகும். எதிராளியின் சின்னத்தைப் போலவே ஒரு சின்னத்தைச் சுயேச்சைக்கு வாங்கிக் கொடுக்கும் தேர்தல் தந்திரம் நமக்குப் புதிதல்ல. 'இ' வெறும் தந்திரம்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வந்த நேரம் அப்படித்தான் பேச வைத்தது.

சரி, உள்ளே என்ன இருந்தது? இரண்டும் மூன்று வகைக் கட்டடங்களுக்கு வேக வழி தந்தன. எல்லா வீடும் வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கே ஒதுக்கப்பட்ட கட்டடம். ஆசிரியர்கள், கல்வி ஊழியர்களுக்கான கட்டடம். சந்தை வாடகைக் கட்டடத்துக்குள்ளேயே சட்டம் கேட்பதைவிடக் கூடுதலாகக் குறைந்த வாடகை வீடுகள் வைக்கும் கட்டடம். இந்த மூன்றாவது வகையில்தான் கணக்கு வேடிக்கையானது.

'டி' கேட்ட கூடுதல் 15 சதவீதம். 'இ' கேட்டது 8 சதவீதம். 15 பெரியது, 8 சிறியது என்று யாரும் நினைப்பார்கள். எதில் 15, எதில் 8 என்று கேட்க வேண்டும். 100 வீடு கொண்ட ஒரு கட்டடம். அதில் 22 வீடு குறைந்த வாடகைக்கு ஒதுக்க வேண்டும் என்று ஏற்கெனவே விதி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 'டி'யின் 15 சதவீதம் அந்த 22-ல் கணக்கிடப்படும், மூன்று வீடு கூடும், ஆக 25. 'இ'யின் 8 சதவீதம் மொத்த 100-லிருந்து, எட்டு வீடு கூடும், ஆக 30. எண்ணைப் பார்த்தால் 'டி' தாராளம், வீட்டை எண்ணினால் 'இ' தாராளம். இதைத் தவிர, கூடுதல் வீடுகளில் ஒரு பங்கு இரண்டு, மூன்று படுக்கையறை கொண்டவையாக இருக்க வேண்டும் என்றும் 'இ' சொன்னது. பிள்ளைகுட்டி உள்ள குடும்பங்களை நினைத்து எழுதப்பட்ட வரி அது. நல்ல வரி.

அப்படியானால் 'இ'தானே மேல்? காகிதத்தில் ஆமாம். ஆனால் அந்த 30 வீட்டின் நட்டத்தை மிச்சம் 70 வீட்டின் வாடகைதான் சுமக்க வேண்டும். கடன் கொடுப்பவர் அந்தக் கணக்கைப் பார்த்துத் தலையை ஆட்டினால்தான் அஸ்திவாரமே தோண்ட முடியும். 30 கேட்டு ஒரு கட்டடமும் எழும்பாமல் போவதும் 25 கேட்டு நான்கு கட்டடம் எழும்புவதும் ஒன்றல்ல. இது என் ஊகம் மட்டும் அல்ல. தேர்தல் முடிந்து ஒரு வருடம் ஆவதற்குள், 2023 கோடையில், மேயரும் அவையும் சேர்ந்தே அந்த ஒதுக்கீட்டு விகிதத்தைத் தற்காலிகமாக வெகுவாக இறக்கினார்கள்: காத்திருக்கும் திட்டங்களுக்கு 12 சதவீதம், புதியவற்றுக்கு 15. இருபத்திரண்டே தாங்கவில்லை என்று நகரமே ஒப்புக்கொண்ட இடத்தில் முப்பது எப்படித் தாங்கியிருக்கும்?

இனி என் முணுமுணுப்பு. முழுக்க முழுக்க ஒதுக்கீட்டு வீடுகள் கொண்ட கட்டடத்தில் யாரை அனுமதிக்கலாம்? 'டி'யின்படி, பகுதியின் நடுத்தர வருமானத்தில் (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் சம்பாதிக்கும் அளவு) 140 சதவீதம் வரை சம்பாதிப்பவர் வரலாம். கட்டடத்தின் சராசரி 120-ஐத் தாண்டக் கூடாது. 'இ'யின்படி உச்சவரம்பு 120, சராசரி 80. அந்த வருடம் தனி நபருக்கு நடுத்தர வருமானம் ஏறத்தாழ 97,000 டாலர். பெருக்கிப் பாருங்கள்: 'டி'யின் உச்சவரம்பில் இருப்பவர் வருடத்துக்கு 1,35,000 டாலருக்கு மேல் சம்பாதிக்கிறார். அவரையும் 'கட்டுப்படியாகும் வீடு' என்ற சொல்லுக்குள் கொண்டுவருவது எனக்குத் தொண்டையில் சிக்குகிறது. அந்த நகரத்தில் ஒரு செவிலியும் ஒரு பஸ் ஓட்டுநரும் கணவன் மனைவியாக இருந்தால் இருவர் சம்பளமும் சேர்ந்து பழைய வரம்புகளைத் தாண்டிவிடும், அவர்களுக்கும் வீடு வேண்டாமா என்று 'டி' தரப்பு கேட்டது. நியாயமான கேள்விதான். இருந்தாலும் முதல் வரிசையில் உட்கார வேண்டியவர் பாத்திரம் கழுவுகிறவரும் மூதாட்டியைப் பார்த்துக்கொள்கிறவரும். இந்த இடத்தில் மனசாட்சி 'இ' பக்கம்.

ஆனால் அங்கேயும் ஒரு ஓட்டை. 2017-லேயே மாநிலம் இயற்றிய வீனரின் ஒரு சட்டம், குறைந்த வருமானக்காரர்களுக்குப் பாதி வீடுகளை ஒதுக்கும் கட்டடங்களுக்கு சான் பிரான்சிஸ்கோவில் வேக வழியைத் திறந்துவிட்டிருந்தது. சராசரி 80 சதவீதத்தில் நிற்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை அந்த வழியிலேயே போகக்கூடியவை. ஆக 'இ' இவற்றுக்குத் தந்தது, கையில் ஏற்கெனவே இருந்த பண்டத்தை வண்ணக் காகிதம் சுற்றித் திருப்பிக் கொடுத்த பரிசு.

இன்னும் முக்கியமானது கையெழுத்து. குறைந்த வாடகைக் கட்டடம் பெரும்பாலும் நகரத்தின் நிலத்திலோ நகரத்தின் பணத்திலோதான் எழும்பும். அப்படிப்பட்டவற்றுக்கு அவையின் ஒப்புதல் வேண்டாம் என்றது 'டி'. வேண்டும் என்றது 'இ'. அவை விருப்புரிமையோடு வாக்களிக்கிறது என்றால் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் கூடவே உள்ளே வரும், மேல்முறையீடும் வரும். பூட்டைத் திறந்துவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டதுபோல. பொதுப் பணம் செலவாகும்போது மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் பார்க்க வேண்டாமா என்று 'இ' தரப்பு கேட்டது. பார்க்கட்டும், வரவுசெலவுத் திட்டத்தில் பார்க்கட்டும். ஒவ்வொரு மனைக்கும் தனித்தனியாக உட்கார்ந்து பார்ப்பதுதான் ஸ்டீவன்சன் தெருவில் கொண்டுபோய் விட்டது. 'டி' முழுக்க வெட்டியெறியாமல், இத்தனை நாளுக்குள் முடிவு சொல்லாவிட்டால் ஒப்புதலாகக் கொள்ளப்படும் என்று எழுதியிருந்தால் பல எதிர்ப்பாளர்களின் வாய் அடைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

தொழிலாளர் விஷயத்தில் சண்டை கட்சிக்குள் கட்சி. கட்டுமானத் தொழிலில் அந்த வட்டாரத்தில் நிலவும் கூலியை இரண்டுமே உறுதி செய்தன. பெரிய திட்டங்களில் மருத்துவக் காப்பீடும் பயிற்சி வாய்ப்பும் போதும் என்றது 'டி'. தச்சர்கள் அதன் பக்கம். தொழிலாளர்களில் குறிப்பிட்ட பங்கினர் பயிற்சித் திட்டம் முடித்தவர்களாக இருக்க வேண்டும் என்றது 'இ'. மற்றக் கட்டுமானச் சங்கங்களின் கூட்டமைப்பு அதன் பக்கம். இதே சண்டை அதே வருடம் மாநிலச் சட்டமன்றத்திலும் நடந்தது. அங்கே தச்சர்களுக்குப் பிடித்த ஒரு மசோதா, கூட்டமைப்புக்குப் பிடித்த ஒரு மசோதா என்று இரண்டையும் நிறைவேற்றினார்கள். செப்டம்பர் 28 அன்று ஆளுநர் நியூசம் இரண்டிலுமே கையெழுத்திட்டுச் சண்டையை முடித்தார்.

வாக்குச்சீட்டில் அந்த வசதி இல்லை. வாக்காளர் கையேட்டிலோ இரு தரப்பு வாதங்களும் பக்கம் பக்கமாக ஓடின. 200 டாலரும் சொல்லுக்கு 2 டாலரும் கட்டினால் யார் வேண்டுமானாலும் வாதம் அச்சிடலாம் என்ற ஊர் அது. அதே சீட்டில் சாலைகளைப் பற்றிய 'ஐ', 'ஜே' என்ற எதிரெதிர் ஜோடியும் இருந்தது. மக்கள் குழம்பாமல் 'ஜே'யைத் தேர்ந்தெடுத்து 'ஐ'யை வீழ்த்தினார்கள். காலியாகக் கிடக்கும் வீடுகளுக்கு வரி போடும் 'எம்' என்ற முன்மொழிவையும் வெல்ல வைத்தார்கள். 'டி'யும் 'இ'யும் மட்டும் இரண்டும் தோற்றன. 'டி'க்குச் சுமார் 49 சதவீதம், 'இ'க்குச் சுமார் 46. 'ஐ'யும் 'ஜே'யும் கேட்டது, பூங்காவுக்குள் போகும் ஜே.எஃப்.கே. சாலையில் கார் போகலாமா கூடாதா என்பது; பார்த்தவுடன் புரிகிற கேள்வி. எதில் 15, எதில் 8 என்பது அப்படி அல்ல.

பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒப்பீடு முழுமையாகும். 2023 அக்டோபரில் வீனரின் இன்னொரு சட்டம் மாநிலத்தில் நிறைவேறியது. வீட்டு இலக்கில் பின்தங்குகிறதா என்று மற்ற ஊர்களைச் சில வருடங்களுக்கு ஒருமுறை பரிசோதித்த மாநிலம், சான் பிரான்சிஸ்கோவை மட்டும் வருடா வருடம் பரிசோதிக்கும் என்று அதில் எழுதப்பட்டது. 2024-ல் நகரம் பரிசோதனையில் பின்தங்கி, சந்தை வாடகைக் கட்டடங்களுக்கும் வேக வழி திறந்தது. இனி மேலே கணக்குப் போட்ட அந்த 100 வீட்டுக் கட்டடத்துக்கு அந்த வழியில் மேற்பார்வையாளர்களின் வாக்கு தேவையில்லை. 2023-ல் நகரம் தற்காலிகமாகக் குறைத்த விகிதத்தின்படி அதில் ஒதுக்க வேண்டியிருந்த வீடுகள் 15. 'டி' கேட்டது 25, 'இ' கேட்டது 30.