200 கிராம் டப்பாவுடன் நான்கு பருவங்கள்

நீலகிரியில், கோத்தகிரிக்குச் சற்றுக் கீழே, 25 சென்ட் நிலத்தில் நான் ஸ்ட்ராபெர்ரி வைக்கத் தொடங்கி இது நான்காவது பருவம். பக்கத்து ஊரில் கேரட்டை விட்டுவிட்டு இந்த ஆண்டு முதன்முறையாக இதில் இறங்கியிருக்கும் நண்பர் ஒருவர், “அண்ணா, டப்பா எதை வாங்கலாம்? நீங்கள் போடுவதையே நானும் போடட்டுமா?” என்று தொலைபேசியில் கேட்டார். இதே கேள்வியைப் பொங்கலுக்கு முன் கேட்டிருந்தால், டப்பா கொடுப்பவரின் எண்ணை அனுப்பிவிட்டுப் பேச்சை முடித்திருப்பேன். அவர் கேட்டதோ திங்கட்கிழமை மாலை. கோயம்புத்தூரில் நான் சரக்குக் கொடுக்கும் பழக்கடையிலிருந்து 24 டப்பாக்கள், அனுப்பிய வண்டியிலேயே திரும்பி வந்து திண்ணையில் கிடந்த மாலை அது. தொலைபேசியில் நான் சொன்ன பதில் நியாயமானதாக இருந்திருக்காது என்பதால், அவருக்காகவே இதை நிதானமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். நிதானம் கடைசிவரை நிற்குமா என்று உறுதி கூற முடியவில்லை.

வியாபாரிகள் பன்னெட் என்று சொல்லும், மூடி உடலோடு ஒட்டியிருக்கும் தெளிவான பிளாஸ்டிக் பெட்டிதான் எங்கள் தோட்டத்தில் டப்பா. எட்டு டப்பா ஓர் அட்டைப்பெட்டிக்குள் போகும், அடியில் மெத்தைத்தாள் ஒன்று போட வேண்டும் என்பதெல்லாம் இந்தப் பயிரில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்தவை. நான் சொல்ல வந்தது, ஈரம் வெளியேற மூடியில் இருக்கும் துளைகளைப் பற்றி.

ஸ்ட்ராபெர்ரி பறித்தபின் இனிப்பு ஏறாத பழம். வாழையைப்போலக் காயாகப் பறித்துப் பழுக்க வைக்க முடியாது; வைத்தால் நிறம் சற்றுக் கூடும், சர்க்கரை கூடாது. ஆகவே ஏறக்குறைய முழுச் சிவப்பில், காம்பு சிறிது விட்டு, இழுக்காமல் நகத்தால் கிள்ளி எடுக்க வேண்டியிருக்கிறது. எடுத்த நேரத்திலிருந்தே அது மூச்சு விட்டுக்கொண்டும் நீரை இழந்துகொண்டும் இருக்கிறது. காலை பத்து மணி வெயிலில் பறித்த பழத்தை உடனே டப்பாவில் அடைத்து மூடியை அழுத்திக் குளிர்பெட்டிக்குள் வைத்தால், மூடி முதலில் குளிர்ந்துவிடும், பழம் சூடாகவே இருக்கும். பழத்திலிருந்து எழும் ஈரம் மூடியின் உள்பக்கத்தில் முத்து முத்தாகப் படியும். அந்த நீர் சொட்டுகிற இடத்தில், இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, சாம்பல் பூஞ்சை பஞ்சு போல எழும். இது ஒன்றும் புதிய ஞானமில்லை. ஆனால் முதல் பருவம் முழுவதும் நான் செடியைத்தான் சந்தேகித்தேன். மருந்தை மாற்றினேன், செடியடியில் மண்ணை மூடும் மல்ச்சிங் தாளின் மேல் தண்ணீர் தேங்குகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தேன், சொட்டுநீர் நேரத்தைக் குறைத்தேன். குற்றவாளி சாப்பாட்டு மேசையின் மேல் அடுக்கடுக்காக உட்கார்ந்திருந்தது.

இப்போது பறிப்பு எட்டு மணிக்குள் முடிந்துவிடும். மூடியைத் திறந்தபடியே டப்பாக்களைப் பழைய குளிர்பெட்டி இரண்டில் இரண்டு மணி நேரம் வைத்து, பழத்தைத் தொட்டால் விரல் சில்லிடும் நிலை வந்தபிறகே மூடுகிறோம். அதன்பின் மூடி வியர்ப்பது பெரிதும் குறைந்தது. வியர்க்கிற டப்பா தென்பட்டால், அந்த வரிசையின் சூடு இறங்கவில்லை என்று பொருள். அதை வெளியே எடுத்துத் திறந்து வைப்போம். எரிச்சலூட்டிய அதே மூடி, காசு கொடுத்து வாங்காத வெப்பமானியாக ஆனதை நான் மறுக்கக் கூடாது.

பருவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒரே டப்பா ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்கிறது. நம் மலையில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியே இருப்பதால், குறும்பகல் ரகங்கள் என்று சொல்லப்படுபவை (பகல் குறுகியிருந்தால் பூப்பவை) பூப்பதற்கு வெயில் நேரம் தடையாக இருப்பதில்லை, குளிர்தான் கணக்கு. செப்டம்பரில் நட்டால் கார்த்திகையில் பழம் பார்க்கலாம். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கோத்தகிரிச் சரிவில்தான் நன்றாக இறங்குகிறது. மழைத்துளியோடு பறித்த பழத்தை எந்தத் துளையும் காப்பாற்றாது. அந்த நாட்களில் பறித்ததை ஜாமுக்கு ஒதுக்குவதே நல்லது. ஊட்டிப் பக்கம் உயரத்தில் இருப்பவர்களுக்கு டிசம்பர், ஜனவரியில் உறைபனி வேறு. பூவின் நடுக்குமிழ் கறுத்துவிட்டால் அந்தப் பூவிலிருந்து பழம் வராது. எங்கள் பக்கம் அந்தத் துன்பம் குறைவு. ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை, இரவு குளிர்ந்து பகல் தெளிந்திருக்கும் அந்த வாரங்களே உண்மையான பருவம். பழம் பெரிது, கெட்டி, இனிப்பு. பத்துப் பன்னிரண்டு பழத்தில் 200 கிராம் நிறைந்து, ஒரே அடுக்காக உட்கார்ந்து, டப்பா அழகாக மூடிக்கொள்ளும்.

அந்த வாரங்களில்தான் விலை இருக்காது. 2010-இல் புவிசார் குறியீடு பெற்ற, மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வர் பழம் அதே மாதங்களில் பெருநகரச் சந்தைகளில் குவிகிறது. நாட்டின் ஸ்ட்ராபெர்ரியில் பெரும்பகுதி அந்த ஒரு வட்டாரத்தில் விளைகிறது. கோயம்புத்தூர்க் கடைக்காரர் அதன் விலையைச் சொல்லி என்னிடம் பேரம் பேசுகிறார். ஏப்ரல், மே வந்தால் மலை முழுவதும் சுற்றுலாப் பயணிகள். சாலையோரத்தில் வைத்த விலைக்குப் போகும். ஆனால் அப்போது வெயில் ஏறிப் பழம் சிறுத்து, தோல் மெலிந்திருக்கும். 200 கிராமுக்கு இருபது பழத்துக்கு மேல் போட வேண்டும்; இரண்டடுக்காகும்; மூடியை அழுத்தும்போது மேலடுக்கு நசுங்கும். நல்ல பழம் இருக்கும்போது ஆள் இல்லை, ஆள் இருக்கும்போது நல்ல பழம் இல்லை என்ற இந்த முரணை எந்த டப்பாவும் தீர்க்காது என்பது நியாயம்தான். 2024 மே 7 முதல் மலைக்கு வர இ-பாஸ் கட்டாயமானபோது, முதல் இரண்டு வாரம் சாலையோர மேசையில் நான் தனியே உட்கார்ந்திருந்ததற்கும் டப்பாவைக் குறை சொல்ல முடியாது. சொன்னேன் என்பது வேறு விஷயம்.

ரகத்தைக்கூட டப்பாதான் தேர்ந்தெடுத்தது. முதல் ஆண்டு ஸ்வீட் சார்லி வைத்தேன். தோட்டத்தில் நின்று தின்பதற்கு அதைப்போல் ஒன்று இல்லை. வீட்டில் எல்லோருக்கும் இன்றும் அதுதான் பிடிக்கும். ஆனால் அது மென்மையான பழம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் வளைவுகளில், டப்பாவின் ஓரத்தில் சாய்ந்து சாய்ந்து ஒரு பக்கம் தட்டையாகிவிடும். இப்போது முக்கால் பங்கு நிலத்தில் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் உருவாக்கிய கமரோசா. கெட்டியான, கூம்பு வடிவப் பழம். வண்டிப் பயணத்தைத் தாங்கும். இனிப்பில் ஒரு படி குறைவு என்பதை வாங்குபவர்கள் யாரும் என்னிடம் சொல்லவில்லை; ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்கு ஸ்வீட் சார்லி கிடைப்பதில்லை.

டப்பாவின் நல்ல குணம் ஒன்றை நான் எதிர்பார்க்கவே இல்லை. அது எதையும் மறைக்காது. கூடையில் விற்ற நாட்களில், நல்ல பழத்தை மேலேயும், தோள் வெளுத்ததையும் கோணல் பழத்தையும் கீழேயும் போடும் பழக்கம் எங்களிடமும் இருந்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். டப்பாவை வாங்குபவர் முதலில் செய்வது அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்ப்பதுதான். தரம் பிரிக்கும் அக்கா இரண்டாம் வாரமே, “இதில் அடிப்பக்கம் என்று ஒன்று கிடையாது தம்பி, இரண்டுமே முகம்” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தரம் பிரிப்பது ஒழுங்கானது, கோணல் பழம் ஏன் வருகிறது என்று யோசித்து, பூவில் மகரந்தம் சரியாகச் சேராததால்தான் என்று புரிந்து, பூக்கும் நேரத்தில் தேனீ வருகிற காலை வேளைகளில் நிழல்வலையின் பக்கங்களைத் தூக்கிவிடத் தொடங்கினோம், கோணல் குறைந்தது. எடைபோட்டு விற்ற பழத்தைவிட டப்பாவில் விற்ற பழத்துக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கிடைத்தது. மூன்றரை ரூபாய் டப்பா தன் விலையைப் பலமுறை திருப்பித் தந்திருக்கிறது.

இனி எரிச்சல்கள். பூட்டுநாக்கு கொண்டை ஊசி வளைவில் திறந்துகொள்ளும். ரப்பர் வளையம் போட்டுச் சமாளிக்கிறோம். பண்ணைப் பெயரும் பறித்த தேதியும் அச்சிட்ட ஒட்டுத்தாளை மூடியின் நடுவில் ஒட்டினால், சரியாகத் துளைகளின் மேல் உட்காரும். ஓரத்தில் ஒட்டினால் கடைக்காரர் கோணலாக இருக்கிறது என்பார். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மேல் டப்பாவின் அடி, கீழ் டப்பாவின் மூடித்துளையை அடைக்கும். இதை வடிவமைத்தவர் ஒரே ஒரு டப்பாவை மேசைமேல் வைத்துப் பார்த்துத் திருப்தியடைந்திருக்க வேண்டும். அதோடு, 2019 ஜனவரி 1 முதல் தமிழகம் முழுவதும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை வந்தது; அதற்கும் முன்பிருந்தே இந்த விஷயத்தில் கண்டிப்பாக இருக்கும் மாவட்டம் நம்முடையது. பயணிகள் துணிப்பையோடு வந்து, பழத்தை மட்டும் கொட்டிக்கொண்டு டப்பாவை என்னிடமே நீட்டும்போது, அவர்கள் செய்வதே சரி என்று எனக்கும் தெரிகிறது.

மாற்று தேடாமல் இல்லை. அட்டை டப்பா மூடுபனியில் நமுத்து, சாறு பட்டுச் சிவப்புக் கறையோடு நின்றது. உள்ளே இருப்பதும் தெரியாது. பாக்குமட்டைத் தொன்னை உறுதியானது, மூடி இல்லை. தென்பாண்டிப் பக்கத்திலிருந்து வரவழைத்த சிறு பனையோலைக் கூடை சாலையோர மேசையில் டப்பாவைவிட வேகமாக விற்றது, பழம் வியர்க்கவும் இல்லை. விலை டப்பாவைப்போல் நான்கு மடங்கு, அடுக்கி வண்டியில் அனுப்ப வழியில்லை.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். தைப் பிறந்ததும் டப்பா விலை நாற்பது காசு குறைந்திருக்கிறது என்று சொன்னார்கள். மகிழ்ந்து 2,000 வாங்கினேன். அதே அளவு, அதே பளபளப்பு, அதே பூட்டு. பழம் வழக்கம்போல் குளிர்ந்த பிறகே மூடினோம், வழக்கம்போல் அனுப்பினோம். திரும்பி வந்த 24 டப்பாவிலும் மூடி பனி பூத்த கண்ணாடி போல இருந்தது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது: பழைய மூடியில் ஆறு துளைகள், புதியதில் இரண்டு. விற்றவரிடம் கேட்டால், “அச்சு மாறிவிட்டது, பழத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது” என்கிறார். ஆகாது என்பதை அவர் அந்தப் பழக்கடை வாசலில் நின்று சொல்லியிருக்க வேண்டும். மீதமிருக்கும் டப்பாக்களில், விளக்குச் சுடரில் காய்ச்சிய கோணி ஊசியால் நானும் அக்காவும் துளை போட்டுக்கொண்டிருக்கிறோம். ஓர் இரவில் முந்நூறு முடிகிறது. வீடு முழுவதும் பிளாஸ்டிக் நெடி.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். நல்ல விலை வாங்கித் தந்தது, தரத்தைக் கற்றுக் கொடுத்தது, நான்கு பருவம் தாங்கியது என்று மேலே எழுதிய அனைத்தும் உண்மை; இருந்தும் வாங்க வேண்டாம். முதல் ஆண்டு என்பதால் உங்களிடம் பழம் குறைவாகத்தான் இருக்கும். ஓலைக்கூடையில் வைத்துச் சாலையோரத்திலேயே விற்றுப் பாருங்கள். கோயம்புத்தூருக்கு அனுப்பியே தீர வேண்டுமென்றால், மாதிரிக்கு ஒரு டப்பா கேட்டு வாங்கி, மூடித்துளைகளை எண்ணிவிட்டுப் பணம் கொடுங்கள். ஆறுக்குக் குறைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மார்ச் கடைசியில் இதே கேள்வியைக் கேட்டால் நான் வேறு பதில் சொல்லக்கூடும். இன்னும் ஆயிரத்துச் சொச்சம் மூடிகள் துளைக்கக் கிடக்கின்றன.